சிம் ரேஸிங் அணிக்கு வண்டி டிசைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஸ்டிக்கர் கடை வேலை, ராத்திரியில் எங்கள் அணிக்கு வண்டி டிசைன். பேட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், வள்ளியூர் பையன்களும் ஷார்ஜாவிலிருந்து ஓட்டும் இரண்டு பேருமாகச் சேர்த்து ஒன்பது பேர் கொண்ட அணி. கம்ப்யூட்டரில் ஸ்டீயரிங்கும் பெடலும் மாட்டி, ஆன்லைனில் மற்ற அணிகளோடு ஓட்டும் பந்தயத்தைத்தான் சிம் ரேஸிங் என்கிறோம். ஐந்து வருஷமாக ஒரே சந்தேகங்கள் வந்துகொண்டே இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன். நான் அதிகம் புழங்குவது ஐரேஸிங், அசெட்டோ கோர்சா கொம்பெடிசியோனே என்ற இரண்டு கம்ப்யூட்டர் பந்தய விளையாட்டுகளில். இரண்டாவதை இனி ஏ.சி.சி. என்று சுருக்கிக்கொள்கிறேன்.

வண்டி டிசைன்னா இன்ஜின், டயர், றெக்கை எல்லாம் நாமளே செய்யணுமா அண்ணாச்சி?

வேண்டாம். வண்டியின் உடம்பு, எடை, இன்ஜின் சக்தி எல்லாம் விளையாட்டை உருவாக்கிய கம்பெனி முடிவு செய்தவை. நமக்கு விட்டிருப்பது மேல்தோல் மட்டும். நிறம், கோடு, எழுத்து, விளம்பரச் சின்னம் எல்லாம் சேர்ந்ததை லிவரி என்பார்கள். சேசிஸ் எங்கோ தயாராகி வர, பாடிக்குப் பெயிண்ட் அடித்து முன்கண்ணாடியில் பெயர் எழுதுவது நம் ஊர்ப் பட்டறையில் நடக்கிறதே, அந்த வேலைதான் இது.

லிவரியால் வண்டி வேகமாக ஓடாது. ஆனால் முப்பது வண்டி ஒன்றாக முதல் வளைவுக்குள் நுழையும்போது நம் ஆள் எங்கே என்று கண்ணுக்குக் கிடைப்பது அதனால்தான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பதில்கள் தானாகவே புரிந்துவிடும்.

எனக்குப் படம் வரையவே வராது. நான் பண்ண முடியுமா?

முடியும். பெரிய வடிவங்களை எங்கே வைப்பது என்று பார்க்கும் கண் இருந்தால் போதும். எங்கள் அணியின் முதல் வண்டியில் மூன்று நேர்கோடுகளும் ஒரு எண்ணும்தான் இருந்தன. இன்றைக்கும் எனக்குப் பிடித்த நம் வண்டிகளில் அது ஒன்று.

போட்டோஷாப் காசு கொடுத்து வாங்கணுமா?

தேவையில்லை. ஜிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் மூன்றும் இலவசம். போட்டோபியா என்பது பிரவுசரிலேயே திறக்கும், பி.எஸ்.டி. என்ற போட்டோஷாப் கோப்புகளை லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத்தாள்கள்) பிரித்தபடியே காட்டும். பிளக்ஸ் கடையில் வேலை பார்த்துப் பழகியவர்கள் கோரல் டிராவில் வடிவங்களைச் செய்து, பி.என்.ஜி.யாக எடுத்து உள்ளே கொண்டுவரலாம். நான் செய்வது அப்படித்தான்.

என் யோசனை: சின்னங்களையும் எழுத்தையும் இங்க்ஸ்கேப் அல்லது கோரலில் வெக்டராகச் செய்யுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. வண்டியில் ஒட்டும் வேலையை ஜிம்ப் அல்லது போட்டோபியாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெம்ப்ளேட்டைத் திறந்தா வண்டியே தெரியலை, பிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. எது எங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

தையல் கடையில் சட்டைக்குத் துணி வெட்டிப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கை தனியே, காலர் தனியே, முன்பக்கம் இரண்டு துண்டாகக் கிடக்கும். தைத்தால்தான் சட்டை. அதேபோல வண்டியின் மேல்தோலை வெட்டி ஒரு சதுரத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள், அந்தக் கோப்புதான் டெம்ப்ளேட். ஐரேஸிங்கில் அந்தச் சதுரம் 2048 பிக்சலுக்கு 2048 பிக்சல். இந்த விரிப்புக்கு யு.வி. மேப் என்று பெயர்.

கண்டுபிடிக்க ஒரே வழி, கட்டம் போடுவது. சதுரம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு எண் எழுதி, வண்டியில் ஏற்றிச் சுற்றிப் பாருங்கள். கதவுக் கைப்பிடிக்குக் கீழே 47 இருக்கிறது, பம்பரின் இடது மூலையில் 112 இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே எண் சாய்ந்திருக்கிறது, எங்கே இழுபட்டிருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒரு வண்டிக்கு ஒருமுறை செய்தால் போதும். நான் பயன்படுத்தும் ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி ஒரு பக்கம் வைத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: ஐரேஸிங் டெம்ப்ளேட்டில் கம்பிக்கோடு காட்டும் லேயர்கள் இருக்கும். சேமிக்கும் முன் அணைக்க வேண்டியவை அவை. மறந்தால் வண்டி மேல் சிலந்தி வலை படர்ந்த மாதிரி வரும்.

லோகோ எல்லாம் ரெடியா இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்க?

லோகோவை ஓரமாக வையுங்கள். புதிதாக வருகிற ஏறக்குறைய எல்லாரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வருவதை வாகையடி முக்கில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மரச் சிற்பம் ஒன்றும் அந்தத் தூரத்தில் தெரியாது. தெரிவது சீலைகளும் தொம்பையும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று துணியை வெட்டி ஒட்டித் தைத்த பெரிய பெரிய உருவங்கள். கிட்டப் போனபிறகு சிற்பம். தேர்ச்சீலை தைத்தவர்களுக்குத் தெரிந்த கணக்கு இது: தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று.

வண்டிக்கும் அதையே செய்யுங்கள். முதலில் இரண்டே நிறம், ஒரே பெரிய வடிவம். அதை வண்டியில் ஏற்றி, படம் பிடித்து, போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் இது நம் வண்டி என்று சொல்ல முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். முடியாவிட்டால் எத்தனை லோகோ ஒட்டினாலும் தேறாது. எண்ணுக்கும் லோகோவுக்கும் வெற்றிடம் விட்டுவையுங்கள். ஐரேஸிங்கில் எண்ணையும் முன்கண்ணாடிப் பட்டையையும் விளையாட்டே மேலே ஒட்டும், அந்த இடத்தில் நீங்கள் எதை வரைந்தாலும் மறைந்துவிடும்.

எந்தக் கலர் எடுக்கும்? நம்ம ஊர்க் கலரா இருக்கணும்.

ஒரு காலத்தில் ரேஸ் வண்டிக்கு நிறம் நாட்டை வைத்து வந்தது. பிரிட்டனுக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். 1968இல் லோட்டஸ் அணி ஒரு சிகரெட் கம்பெனியின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்துக்கு மாறியது. அதிலிருந்து வண்டியின் நிறம் விளம்பரதாரர் கையில் போனது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ட்ராக் சாம்பல் நிறம், ஓரத்தில் புல் பச்சை, அதற்கு மேல் வானம். இந்த மூன்றிலிருந்தும் பிரிந்து தெரிவதுதான் நல்ல நிறம். தாமிரபரணிக் கரை வயல் பச்சையை நான் ரொம்ப ஆசையாகப் போட்டுப் பார்த்தேன், வண்டி புல்லோடு கலந்துபோனது. சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மண் அருமையாக எடுத்தது. அதோடு ஒரு வெளிர்நிறம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரிப் பந்தயத்தில் கறுத்துவிடும். நாங்கள் சுண்ணாம்பு வெள்ளை சேர்த்தோம். இப்போது எங்கள் அணியின் நிறம் அதுதான்.

பத்தமடைப் பாய் மாதிரி டிசைன் போட்டேன், ஓடும்போது மினுமினுன்னு கண்ணு கூசுது. ஏன்?

இது எனக்கும் நடந்தது. வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்பாய் ஒன்று உண்டு. அதைத் தரையில் விரித்து முழங்காலிட்டு ஓரக்கரையை எண்ணினேன். ஒரு விரல் அகலத்துக்குள் சிவப்பும் கறுப்பும் மாறி மாறி அத்தனை இழைகள். கோரையை அவ்வளவு மெல்லிசாகக் கிழித்து நெய்திருக்கிறார்கள். அதை அப்படியே வண்டியின் பக்கவாட்டில் வரைந்தேன். நின்றால் அழகு. ஓட ஆரம்பித்ததும் கோடுகள் கொதிக்கிற மாதிரி துடித்தன.

காரணம் இதுதான்: வண்டி தூரத்தில் போகும்போது திரையில் அது நூறு பிக்சல் அகலம்கூட இருக்காது. நீங்கள் போட்ட ஐம்பது கோட்டுக்கு அங்கே இடமில்லை. எந்தக் கோட்டைக் காட்டுவது என்று ஒவ்வொரு நொடியும் திரை மாற்றிக்கொண்டே இருக்கும், அதுதான் மினுமினுப்பு. பாயை முழுதாக வரையாமல் அதன் கரையில் ஒரே ஒரு சேர்க்கையை எடுங்கள். எங்கள் வண்டியில் பாயின் கரை ஐந்தே பட்டைகளாக, கதவிலிருந்து பின்சக்கரம் வரை போகிறது. பத்தமடைக்காரர் ஒருவர் பார்த்ததும் பாய் என்று சொன்னார், எனக்கு அது போதும்.

தமிழ் எழுத்து போட்டா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் ஓடுதே!

மென்பொருளின் எழுத்து அமைப்புதான் காரணம். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்துப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கும். அதைப் போட்டுவிட்டுப் புதுக் கோப்பில் எழுதிப் பாருங்கள். பழைய பாமினி வகை எழுத்துருவையும் யூனிகோட் எழுத்தையும் கலந்தாலும் இப்படிக் குழம்பும். எனக்குச் சுலபமான வழி, இங்க்ஸ்கேப்பில் யூனிகோடில் எழுதி, எழுத்தை வடிவமாக மாற்றிவிடுவது. அப்புறம் அது வெறும் படம், எங்கே கொண்டுபோனாலும் உடையாது.

உடையாமல் வந்துவிட்டால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும். திருநெல்வேலி என்று ஆறு எழுத்து எழுதினால் கதவுக்குள் அடைக்கச் சின்னதாக்க வேண்டியிருக்கும். நெல்லை என்றால் மூன்றே எழுத்து. ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. நடுவில் உள்ள புள்ளி தூரத்தில் காணாமல் போய்விடும். புள்ளியை மட்டும் தனியே எடுத்து ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, எழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். தடித்த எழுத்துரு எடுங்கள். அகலவாக்கில் இழுக்காதீர்கள், தமிழ் எழுத்தின் வளைவு கெட்டுவிடும்.

வலது பக்கம் சரியா இருக்கு. இடது பக்கம் எழுத்து கண்ணாடியில பார்த்த மாதிரி வருது.

சில வண்டிகளில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி இடம் இருக்கும், ஒன்று திருப்பி வைக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன எண் கட்டத்திலேயே இது தெரிந்துவிடும். ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துத் திருப்பும்போது வடிவத்தை மட்டும் திருப்புங்கள். எழுத்தையும் லோகோவையும் தனி லேயரில் வைத்து, நேராகவே மறுபடி ஒட்டுங்கள்.

பானட்லேர்ந்து கதவுக்கு வர்ற கோடு சேர மாட்டேங்குது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நகட்டிக்கிட்டே இருந்தேன்.

துணி வெட்டிய ஓரங்களில் பூ சேராது என்று தையல்காரருக்குத் தெரியும். அவர் பூவைத் தையலுக்கு வரவிடாமல் பார்த்துக்கொள்வார். முதலில் அந்த வழியைப் பாருங்கள்: கோட்டைப் பானட் இடுக்கிலோ சக்கர வளைவிலோ முடித்துவிட்டு, அடுத்த பலகையில் புதிதாகத் தொடங்குங்கள். இடுக்கு மறைத்துவிடும்.

கட்டாயம் சேரத்தான் வேண்டும் என்றால், சேரும் இடத்தின் இரு பக்கமும் சின்னச் சின்ன அளவுக்கோடுகள் வரைந்து, எது எதோடு சந்திக்கிறது என்று வண்டியில் பார்த்துக் குறியுங்கள். ஐரேஸிங்கில் வண்டி திறந்திருக்கும்போதே கீபோர்டில் கண்ட்ரோல் (Ctrl), ஆர் (R) இரண்டையும் சேர்த்து அழுத்தினால் புது பெயிண்ட் ஏறிவிடும், ஒவ்வொரு தடவையும் மூடித் திறக்க வேண்டாம். வண்டியின் மாடல் கையில் கிடைத்தால் இலவச மென்பொருளான பிளெண்டரில் நேரடியாக உடம்பு மேலேயே வரையலாம். பழக நாளாகும், ஆனால் இந்தத் தொல்லை ஒரேயடியாகப் போகும்.

பளபளப்பு, மேட், குரோம் எல்லாம் எப்படிக் கொண்டு வர?

ஐரேஸிங்கில் நிறத்துக்கு ஒரு கோப்பு, பளபளப்புக்கு இன்னொரு கோப்பு. இரண்டாவதில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றும் நிறமாக வேலை செய்யாது. சிவப்பு எவ்வளவு உலோகம் என்றும், பச்சை எவ்வளவு சொரசொரப்பு என்றும், நீலம் மேலே பூசிய கிளியர் கோட் (நிறமில்லாத மேற்பூச்சு) எவ்வளவு என்றும் சொல்லும். ஏ.சி.சி.யில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் சொரசொரப்பு, கிளியர் கோட், உலோகம் ஆகியவற்றுக்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை எண் கொடுக்க வேண்டும்.

குரோமை அளவாக வையுங்கள். சுற்றியிருப்பதையெல்லாம் காட்டுவதால் அதற்கென்று சொந்த நிறம் இல்லை. முழு வண்டியும் குரோமாக இருந்தால் நாம் பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த நிறம் யாருக்கும் தெரியாது. மேட் செம்மண் மேல் பளபளக்கும் வெள்ளைப் பட்டை, எங்களுக்கு அது நன்றாக அமைந்தது.

நான் பிளேஸ்டேஷன்ல கிரான் டூரிஸ்மோ 7 ஓட்டுறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

நிறமும் வடிவமும் பற்றிச் சொன்னது எல்லாம் பொருந்தும், டெம்ப்ளேட் வேலை இருக்காது. அங்கே வண்டி மேலேயே ஸ்டிக்கர் ஒட்டுவதுபோல டிசைன் செய்யலாம். சொந்தச் சின்னம் ஏற்ற வேண்டுமானால் எஸ்.வி.ஜி. என்ற வெக்டர் கோப்பாக, 15 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். இங்க்ஸ்கேப்பில் தேவையில்லாத புள்ளிகளைக் குறைத்தால் அதற்குள் அடங்கும்.

எனக்கு என் வண்டி சூப்பராத் தெரியுது. ஆனா மத்தவன் ஸ்கிரீன்ல வெறும் வெள்ளையா இருக்காம்!

உங்கள் பெயிண்ட் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது. ஏ.சி.சி.யில் ஆவணங்கள் கோப்புறைக்குள் லிவரிகளுக்கென்று ஓர் இடம் உண்டு. உங்கள் லிவரிக் கோப்புறையை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே எல்லார் கம்ப்யூட்டரிலும் அதே இடத்தில் போட வேண்டும். பந்தயத்துக்கு முன் பயிற்சியில் ஒருமுறை எல்லாரும் ஒன்றாக ஓட்டிவிடுங்கள். முதல் தடவை ஏறும்போது விளையாட்டு தனக்கென்று வேறு கோப்புகள் தயாரிக்கும், அந்த நேரம் திரை திக்கும். அது பந்தயத்தின் முதல் வளைவில் நடக்கக் கூடாது.

ஐரேஸிங்கில் டிரேடிங் பெயிண்ட்ஸ் என்ற சேவையில் ஏற்றிவிட்டால், அதை வைத்திருக்கும் எல்லாருக்கும் தானாகத் தெரியும். வைத்திராதவர்களுக்கு விளையாட்டின் உள்ளேயே நீங்கள் தேர்ந்தெடுத்த சாதாரண நிறங்கள் தெரியும். அதனால் அங்கேயும் அணியின் நிறத்தையே தேர்ந்தெடுத்து வையுங்கள். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரே டீம்ல மூணு வண்டி. மூணும் ஒண்ணு போல இருந்தா கமெண்ட்ரி சொல்றவரே குழம்புறாரு.

மூன்றையும் வேறு வேறாக்கினால் அணி என்ற அடையாளம் போய்விடும். ஃபார்முலா ஒன்றில் ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள கேமராவை அணியின் ஒரு வண்டிக்குக் கறுப்பாகவும் மற்றதுக்குப் பளீர் மஞ்சளாகவும் வைக்கிறார்கள். எண்ணைத் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றே. நாமும் பக்கக் கண்ணாடி, பின்றெக்கையின் முனைப்பலகை, இந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதும். எங்களுக்கு மஞ்சள், வெள்ளை, வான்நீலம்.

ஸ்பான்சர் கடைக்காரர் வாட்ஸ்அப்ல லோகோ அனுப்பியிருக்காரு. அதையே ஒட்டிரலாமா?

வாட்ஸ்அப்பில் வந்த படம் அமுங்கிப்போயிருக்கும், ஓரமெல்லாம் பிசிறு. கடைக்குப் பிளக்ஸ் அடித்துக் கொடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள், பெரும்பாலும் அவரிடம் இருக்கும். இல்லாவிட்டால் வெக்டராக மறுபடி வரையுங்கள். ஒரு அல்வாக் கடைக்காக அப்படி வரைந்தபோது, போன் எண்ணும் மூன்று கிளைகளின் முகவரியும் சேர்த்துக் கேட்டார்கள். கட்டைவிரல் நகம் அளவுப் படத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பெயர் மட்டும் போதும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

பெரிய கம்பெனி லோகோவை அழகுக்காக ஒட்டுவதை நான் செய்வதில்லை. அவர்கள் நமக்குப் பணம் தரவில்லை, அனுமதியும் தரவில்லை. அந்த இடத்தில் நம் தெருவின் பெயரை எழுதலாமே.

இன்னொருத்தர் டிசைனை எடுத்து கலர் மட்டும் மாத்திக்கிட்டா தப்பா?

கேட்காமல் எடுத்தால் தப்பு. கேட்டால் பலர் சந்தோஷமாகத் தருவார்கள். பெயரை மட்டும் குறிப்பிடச் சொல்வார்கள், அதைச் செய்யுங்கள். படித்துப் பழகுவதற்காக உங்கள் கம்ப்யூட்டருக்குள் பிரித்துப் பார்ப்பது வேறு. நானும் அப்படித்தான் கற்றேன்.

ஏ.ஐ. கிட்ட சொன்னா ஒரு நிமிஷத்துல படம் தருதே, அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?

அது தருவது நிற்கும் வண்டியின் ஒரு பக்கப் படம். விரிப்பில் எது எங்கே போகும் என்பது அதில் இல்லை, மறுபக்கமும் இல்லை. தமிழ் எழுத்தும் பல சமயம் பிழையாக வருகிறது. நிறச் சேர்க்கைக்கு யோசனை கேட்கலாம், தப்பில்லை. வடிவத்தை விரிப்பில் கொண்டுவரும் வேலை நம் கையில்தான்.

பானட்ல சாமி படம் போடலாமா?

பலமுறை யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தேன். வண்டி மோதும், உருளும், மண்ணில் புதையும். ரீப்ளேயில் அதை மெதுவாக ஓட்டியும் காட்டுவார்கள். பார்ப்பவர்கள் மனம் கஷ்டப்படும். அணியில் மூன்று மதத்துப் பையன்களும் இருக்கிறார்கள். தேர்ச்சீலையின் பூவும் கரையும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தன, அதையே எடுத்துக்கொண்டோம்.

உள்ளே உக்காந்து ஓட்டுற எனக்கு என் டிசைன் தெரியவே தெரியாதே. எதுக்கு இம்புட்டு மெனக்கெடணும்?

உங்களுக்குத் தெரியாது, உங்களைத் துரத்தி வருபவருக்குத் தெரியும். போன ஆடியில் காற்றில் கரண்ட் போய், அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவன் பந்தயத்தின் நடுவிலேயே வெளியேற வேண்டியதானது. இன்வெர்ட்டர் கம்ப்யூட்டரைத் தாங்கவில்லை. மீதிப் பந்தயத்தை அவனும் அவன் ஆச்சியும் போனில் நேரலையாகப் பார்த்தார்கள். வண்டிகள் எறும்பு அளவில் போகும்போது, அந்தச் செம்மண் கலர் வண்டி நம்ம பிள்ளைகளுடையதுதானே என்று ஆச்சி கேட்டாளாம்.

ஓட்டுநருக்கும் ஒரு இடம் உண்டு. சில வண்டிகளில் இருக்கையிலிருந்து பார்த்தால் பானட்டின் பின்விளிம்பு ஒரு விரல் உயரத்துக்குத் தெரியும். எண் கட்டத்தை வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். வெயில் திருப்பி அடிக்காதபடி அங்கே மேட்டாக விட்டு, ஓட்டுபவர் தனக்கு வேண்டியதைத் தானே எழுதிக்கொள்ளட்டும். ஷார்ஜாவிலிருந்து ஓட்டுபவர்களில் ஒருவர் அங்கே தன் மகளின் பெயரை எழுதச் சொன்னார். அவர் இருக்கையிலிருந்து நேராகப் படிக்கும்படி, வெளியே இருப்பவர்களுக்குத் தலைகீழாகத் தெரிகிற மாதிரி வைத்தேன்.